படிப்பு முடிந்த கையோடு வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. படிக்கும்போது எங்கள் பல்கலைக்கழக நூலகத்திலேயே இரண்டு ஆண்டுகள், வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலை பார்த்தேன். அதன் பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில் ஏழு மாதங்கள் சம்பளத்துடன் கூடிய பயிற்சிப் பணி. ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டியிருந்ததால் அந்த வேலையிலிருந்து நானே விலகிக்கொண்டேன். இப்போது நாள்தோறும் விண்ணப்பங்கள் அனுப்புகிறேன். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வருவதில்லை.

வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா என்று வெவ்வேறு நாடுகளில் இருக்கும் மூன்று வகுப்புத் தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தி, வேலையை இழந்தவர்களுக்குத்தான் அந்தப் பணம், முதல் வேலையைத் தேடுகிறவர்களுக்கு இல்லை என்றாள். இன்னொருத்தி தனக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். மூன்றாமவள், படிக்கும்போது பார்த்த வேலையெல்லாம் கணக்கில் வராது என்று உறுதியாகச் சொன்னாள். ஆகவேதான் ஒரு நாட்டின் விதியை மட்டும் கேட்காமல், இது எந்த அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது என்பதையே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பட்டமளிப்பு விழா முடிந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "மகளே, உழைக்காமல் வரும் பணம் நமக்கு எதற்கு?" என்று அப்பா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுமொழி 1

இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தோழிகள் மூவரும் தத்தம் நாட்டைப் பொறுத்தவரை சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். வேலையின்மைத் தொகை என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் புழங்குவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதலாவது காப்பீடு. வேலை பார்த்த காலத்தில் உங்கள் பெயரில் பங்களிப்புத் தொகை செலுத்தப்பட்டிருக்க வேண்டும்; சில நாடுகளில் அது உங்கள் சம்பளத்திலும் பிடிக்கப்படும், சில நாடுகளில் முதலாளி மட்டுமே செலுத்துவார். எவ்வளவு காலம் செலுத்தியிருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் கடைசி 30 மாதங்களுக்குள் மொத்தம் 12 மாதங்கள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலை இருந்திருக்க வேண்டும். கனடாவில் வசிக்கும் வட்டாரத்தின் வேலையின்மை அளவைப் பொறுத்து, பொதுவாகக் கடைசி 52 வாரங்களில் 420 முதல் 700 மணி நேரம் வரை கேட்கப்படுகிறது. இந்த இரண்டு அளவுகோல்களையும் உங்கள் ஏழு மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு நேரமாக உழைத்த ஏழு மாதங்கள் ஓரிடத்தில் தாராளமாகப் போதும், மற்றோரிடத்தில் போதாது.

இரண்டாவது, வருமான ஆய்வின் பேரில் அரசு தரும் உதவி. இதற்கு முன்பு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையிருப்பும் வருமானமும் குறைவாக இருக்க வேண்டும். பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற பெயரில் இது இயங்குகிறது. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் கிடைக்காது. வயது வந்த மகனோ மகளோ பெற்றோருடன் ஒரே வீட்டில் இருந்தாலும் தம் பெயரில் தனியாக விண்ணப்பிக்கலாம்; பெற்றோரின் வருமானத்தைச் சேர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலோ 22 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்தவர்களாகவே கருதி, பெற்றோரின் வருமானத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே "வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தர மாட்டார்கள்" என்று யாரும் தாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி உங்கள் மூன்றாம் தோழி சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் புதிய பட்டதாரிகள் பெரும்பாலும் இடறி விழும் இடம் அதுதான். மாணவர் வேலை எல்லாமே கணக்கில் வராது என்பது தவறு. சில வகை மாணவர் வேலைகள் வராது என்பதே உண்மை. அமெரிக்காவில், தாம் படிக்கும் கல்வி நிறுவனத்திலேயே ஒரு மாணவர் பார்க்கும் வேலை பொதுவாக வேலையின்மைக் காப்பீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. நூலகத்தில் நீங்கள் கழித்த இரண்டு ஆண்டுகள் அங்கே கணக்கில் சேராமல் போகும். ஜெர்மனியில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல் பார்க்கும் மாணவர் வேலைக்கு ஓய்வூதியப் பங்களிப்பு உண்டு, வேலையின்மைப் பங்களிப்பு இல்லை. இரண்டாண்டு மாணவர் வேலை பார்த்துவிட்டு, தனக்கு உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வந்து ஏமாந்து திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, பயிற்சிப் பணிக் காலத்தின் சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்ப்பது. வேலையின்மைக் காப்பீட்டுக்கென ஒரு பிடித்தம் இருந்தால் நீங்கள் அந்தக் காப்பீட்டுக்குள் இருந்தீர்கள் என்று பொருள். முதலாளி மட்டுமே செலுத்தும் நாடாக இருந்தால் சீட்டில் எதுவும் தெரியாது. நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி 2

மேலே ஐயா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில் இருந்தேன். பட்டமளிப்பு விழாவில் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் பட்டதாரி என்று விண்ணப்பிக்க முடியும் என்று நானாகவே எண்ணிக்கொண்டு நான்கு மாதங்கள் காத்திருந்தேன். இறுதியில் போய்க் கேட்டபோது, உரிமை பதிவு செய்த நாளிலிருந்துதான் தொடங்கும், கடந்துபோன மாதங்களுக்குப் பின்தேதியிட்டுத் தர வழியில்லை என்றார்கள். அந்த நான்கு மாத வாடகைக்காக நண்பனிடம் வாங்கிய கடனை அடைத்து முடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. யாருக்கும் அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விழாவின் தேதிக்கும் உங்கள் உரிமைக்கும் தொடர்பில்லை. படிப்பு எந்த நாளில் நிறைவடைந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் தரும் படிப்பு நிறைவுக் கடிதமோ தற்காலிகச் சான்றிதழோ போதும். டென்மார்க்கில் குறைந்தது 18 மாதப் படிப்பை முடித்தவர்கள், முடித்த 2 வாரங்களுக்குள் வேலையின்மை நிதி ஒன்றில் பட்டதாரி என்ற முறையில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்துவிட வேண்டும். முன்பு வேலையே பார்க்காதவருக்கும் அங்கே வழி இருக்கிறது, ஆனால் அந்த 2 வாரங்களைத் தவறவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கனடாவில் வேலையின் கடைசி நாளிலிருந்து 4 வாரங்களுக்கு மேல் தாமதித்தால் தொகையை இழக்க நேரலாம். தமிழ்நாட்டின் உதவித்தொகைத் திட்டத்திலோ, பொதுவாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும், பதிவையும் இடைவெளியின்றிப் புதுப்பித்திருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் பதிவைத் தள்ளிப்போடுவது நமக்குத்தான் நட்டம்.

படிவத்தில் "தற்போது மாணவரா?" என்றொரு கேள்வி இருக்கும். பழக்கத்தில் "ஆம்" என்று குறித்துவிடாதீர்கள். முழுநேர மாணவர் உடனடியாக வேலைக்குச் செல்லக்கூடிய நிலையில் இல்லை என்று கருதப்படுவதால், பெரும்பாலும் விண்ணப்பம் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிடும். அதே சமயம், அடுத்த பருவத்தில் முதுகலை சேர்வதற்கு ஏற்கெனவே இடம் பெற்றிருந்தால் அதை மறைக்கவும் கூடாது. மாலை வகுப்போ இணையவழிப் படிப்போ இருந்தால் எத்தனை மணி நேரம் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். வேலை கிடைத்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

நான் பிந்திக் கற்றுக்கொண்ட இன்னொன்று, வேலை தேடலைப் பதிந்து வைப்பது. எந்தத் தேதியில், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பணிக்கு, எந்த வழியில் விண்ணப்பித்தேன், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். இணையத்தில் அனுப்பியவற்றுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தேன். மூன்றாம் மாதத்தில் திடீரென்று ஆதாரம் கேட்டு அழைத்தார்கள். அந்த நோட்டு இல்லாதிருந்தால் தொகை நின்றிருக்கும்.

மறுமொழி 3

உங்கள் தந்தையின் கேள்விக்கு மட்டும் பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுகிறவர்கள் பலர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

1911-ஆம் ஆண்டில் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களில் இருந்தவர்களுக்கு வேலையின்மைக் காப்பீடு ஏற்பட்டது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் வாரந்தோறும் பங்களித்தார்கள். வேலை இல்லாத வாரங்களில் தொழிலாளி பெற்றது, வேலை இருந்த வாரங்களில் தானும் சேர்ந்து கட்டிவைத்த நிதியிலிருந்துதான். தீப்பிடித்த வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை வாங்குகிறவரை உழைக்காமல் பணம் வாங்கினார் என்று எவரும் சொல்வதில்லை அல்லவா? தங்கை ஏழு மாதங்கள் உழைத்திருக்கிறார். அந்த உழைப்பின் கணக்கில் இதுவும் ஒரு பகுதி.

முன்பு வேலையே பார்க்காத பட்டதாரியின் நிலை வேறு. அவருக்காக யாரும் எதுவும் கட்டியிருக்க மாட்டார்கள். அதையும் உலகம் யோசித்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1988-இல் இயற்றிய 168-ஆம் எண் உடன்படிக்கை, வேலையின்மைப் பாதுகாப்பிலிருந்து விடுபட்டுப்போகும் 10 வகை வேலை தேடுவோரைப் பட்டியலிட்டு, அவர்களில் குறைந்தது 3 வகையினருக்காவது சமூக உதவி வழங்க வேண்டும் என்கிறது. படிப்பை முடித்த இளைஞர்கள் அந்தப் பட்டியலில் தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறார்கள். ஏற்றுக்கொண்ட நாடுகள் குறைவு என்றாலும், படிப்புக்கும் முதல் வேலைக்கும் இடையே உள்ள காலம் தனிமனிதரின் சோம்பலால் உண்டாவதன்று என்பதை அந்த உடன்படிக்கை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்டது உங்கள் மீதுள்ள அக்கறையால்தான்; பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் நேற்றிரவு நீண்ட நேரம் பேசினேன். காப்பீடு என்று விளக்கியதும், பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுக்க அவரே உதவினார்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. வேலையிலிருந்து நானே விலகியது என்னைத் தகுதியற்றவளாக்குமா? வாரத்தில் இரண்டு நாள் பகுதிநேர வேலை ஒன்று கிடைக்கும்போலிருக்கிறது. அதை ஏற்றால் தொகை முழுவதும் நின்றுவிடுமா? மேலும், என் தோழி ஒருத்தி மாணவர் விசாவில் படித்து முடித்து, அதே நாட்டில் வேலை தேடுகிறாள். அவள் விண்ணப்பிப்பது பாதுகாப்பானதா?

மறுமொழி 1 எழுதியவர்

மூன்றும் சரியான கேள்விகள். தாமாக விலகியவர்களுக்குக் காப்பீட்டுத் தொகையை மறுப்பதோ தள்ளிவைப்பதோ ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உண்டு. தக்க காரணமின்றி விலகினால் ஜெர்மனியில் பொதுவாக 12 வாரங்கள் தொகை நிறுத்திவைக்கப்படும். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை முதலில் படித்துப் பாருங்கள். ஏழு மாதப் பயிற்சி என்றே குறிப்பிடப்பட்டு, அந்தக் காலம் முடிந்து நீட்டிக்காமல் விட்டிருந்தால், அது விலகல் ஆகாது. ஒப்பந்தம் தானாக முடிந்தது என்றே கொள்வார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல் "நானே விட்டுவிட்டேன்" என்று எழுதித் தமக்குத் தாமே தடை போட்டுக்கொண்ட இளைஞர்கள் உண்டு. உண்மையிலேயே இடையில் விலகியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். நிறுவனத்திடமிருந்தும் காரணத்தைக் கேட்டு வாங்குவார்கள். இரண்டும் முரண்பட்டால் உங்கள் மற்ற பதில்களையும் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

விண்ணப்பிக்கும் மாதமும் சில இடங்களில் முடிவை மாற்றும். அமெரிக்க மாநிலங்களில் வழக்கமாக, முடிந்துபோன கடைசி 5 காலாண்டுகளில் முதல் 4 காலாண்டுகளின் சம்பளத்தையே பார்க்கிறார்கள். மே மாதத்தில் விண்ணப்பிக்கிறவருக்குச் சென்ற ஆண்டின் ஜனவரி முதல் டிசம்பர் வரை; இந்த ஆண்டு ஜனவரிக்குப் பிறகு ஈட்டியது அதில் வராது. ஜூலையில் விண்ணப்பித்தால் அந்தச் சட்டகம் ஒரு காலாண்டு முன்னே நகர்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை ஈட்டியதும் உள்ளே வந்துவிடும். உடனே பதிவு செய்யுங்கள் என்று மேலே தம்பி சொன்னதற்கு உள்ள ஒரே விலக்கு இது. அதுவும், பழைய காலக் கணக்கில் தகுதி பெறாதவருக்கு அண்மைக் காலாண்டுகளை எடுத்துக்கொள்ளும் மாற்றுக் கணக்கு பல மாநிலங்களில் இருக்கிறது. ஆகவே நாள் பார்த்துக் காத்திருப்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுவதே நல்லது.

பகுதிநேர வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. கனடாவில் உதவி பெறும் காலத்தில் ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும், ஒரு வரம்பு வரை, 50 சென்ட்தான் கழிக்கப்படும். பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் பெறுகிறவரிடம் 1 பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள். ஜெர்மனியில் வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதை எட்டிவிட்டால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் வேலையற்றவர் அல்லர். எங்கேயானாலும் ஈட்டியதை அந்தந்த வாரமோ மாதமோ தெரிவித்துவிட வேண்டும். பல இடங்களில் சம்பளம் கைக்கு வந்த வாரத்தை அல்லாமல், உழைத்த வாரத்தையே கேட்பார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் தவறாகத் தெரிவித்து, பின்னர் கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேர்ந்தவர்களின் துயரம் பெரிது. அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர்.

உங்கள் தோழியின் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பிரிட்டனின் மாணவர் விசாவிலும் பட்டதாரி விசாவிலும் அரசு நிதியுதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. யுனிவர்சல் கிரெடிட் அந்தத் தடைக்குள் வருகிறது. பங்களிப்பின் அடிப்படையில் கிடைக்கும் தொகை வருவதில்லை. அமெரிக்காவில் படிப்புக்குப் பின் வேலைப் பயிற்சி அனுமதியில் இருப்பவர்களுக்கு, வேலையின்றி இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பே இருக்கிறது. அவர் முதலில் தம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் பெற்ற பிறகே எந்தப் படிவத்தையும் தொட வேண்டும்.

பணம் கிடைக்காது என்று தெரிந்தாலும் பதிவு செய்வதில் பயன் உண்டு. பிரிட்டனில் பதிவு செய்து வேலை தேடுகிறவருக்குத் தேசியக் காப்பீட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஓய்வூதியத்துக்கான ஆண்டுகளில் இடைவெளி விழாது. இருபத்திரண்டு வயதில் இது பெரிதாகத் தோன்றாது. ஓய்வுபெறும் வயதில், விடுபட்ட ஆண்டுகளைப் பணம் கட்டி நிரப்ப முடியுமா என்று கேட்டு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

இன்று காலை பதிவு செய்துவிட்டேன். ஐயா சொன்னபடி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோது, பயிற்சிக் காலம் ஆறு மாதம் என்றும், ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டது என்றும் எழுத்தில் இருந்தது. நான் இடையில் விலகவில்லை, மீண்டும் நீட்டிக்க வேண்டாம் என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் புரிந்தது. அதை அப்படியே எழுதி, இரண்டு கடிதங்களையும் பிடிஎஃப் கோப்பாக இணைத்தேன். ஏழு சம்பளச் சீட்டுகளிலும் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறது. நூலக வேலையின் சீட்டுகளில் இல்லை. முடிவு அஞ்சலில் வரும் என்று தெரிவித்திருக்கிறார்கள்.

மறுமொழி 2 எழுதியவர்

நல்ல செய்தி. முடிவு சாதகமாக இல்லாவிட்டால் மனம் தளர்ந்து கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள். கனடாவில் மறுபரிசீலனை கேட்க 30 நாட்கள், பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஒரு மாதம் என்று காலக்கெடு குறுகியதாகவே இருக்கிறது. எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். உங்கள் பதில் அந்த விதிக்கு மட்டும் இருந்தால் போதும். கடிதம் வந்த அன்றே உறையின் மீது தேதியைக் குறித்து, உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.